தடை நீங்கும் நாளின் கடமைகள்

நோயையும் அதற்குரிய நிவாரணத்தையும் படைத்த வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

கொள்ளைநோய் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மிம்பர்களில் தவறாமல் எடுத்துக் கூறப்படும் நபிமொழி ஒன்று உண்டு. ஓர் ஊரில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே செல்லலாகாது. நாம் இருக்கும் ஊரிலேயே அது பரவிவிட்டால் அதற்கு அஞ்சி அங்கிருந்து வெளியேறவும் கூடாது என்பது அதன் கருத்து. புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை 2020-ஆம் ஆண்டில் நாமும் பலமுறை எடுத்துச் சொன்னோம். பள்ளிவாசல்களின் கதவுகள் அடைக்கப்பட்டபோது கலங்கிய உள்ளங்களுக்கு அது பெரும் ஆறுதலாக அமைந்தது.

ஆனால், கதவை அடைப்பது பற்றிப் பேசிய அளவுக்கு, அதைத் திறப்பது பற்றி நாம் பேசினோமா? தடை எப்போது நீங்க வேண்டும்? எப்படி நீங்க வேண்டும்? நீங்கிய பின் நம் கடமை என்ன? இதற்கும் நம் வரலாற்றில் பாடம் இருக்கிறது. அதை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸர்ஃக் என்னுமிடத்தில்

ஹிஜ்ரி 18, அதாவது கி.பி. 639. சில அறிவிப்புகளில் ஹிஜ்ரி 17 என்றும் காணப்படுகிறது. பாலஸ்தீனத்தில், பைத்துல் முகத்தஸுக்கும் ரம்லாவுக்கும் இடையே அமைந்திருந்த அம்வாஸ் என்ற ஊரில் கொள்ளைநோய் தோன்றி ஷாம் நாடெங்கும் பரவியது. அவ்வேளையில் ஷாமை நோக்கிப் பயணம் புறப்பட்டிருந்த கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது, தளபதி அபூஉபைதா (ரழி) அவர்களும் பிற தளபதிகளும் எதிர்கொண்டு வந்து நோயின் செய்தியைத் தெரிவித்தார்கள்.

உமர் (ரழி) அவர்கள் தாமாக உடனே முடிவெடுத்துவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்து மஷூரா செய்தார்கள். கருத்து வேறுபாடு எழுந்தது. அன்ஸாரிகளை அழைத்தார்கள், அவர்களும் இரு கருத்தினராயினர். பின்னர் மக்கா வெற்றியின் காலத்து குறைஷிப் பெரியவர்களை அழைத்தார்கள்; அவர்கள் மட்டும் ஒருமித்த குரலில் திரும்பிவிடுமாறு ஆலோசனை கூறினார்கள். திரும்பும் முடிவு அறிவிக்கப்பட்டபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரழி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்று உமர் (ரழி) அவர்கள் விளக்கமளித்தார்கள். அதன் பிறகே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்கள் வந்து, மேலே கூறிய நபிமொழியை அறிவித்தார்கள். தம் முடிவு நபிவழிக்கு ஒத்திருந்தமைக்காக உமர் (ரழி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்து, மதீனாவுக்குத் திரும்பினார்கள்.

நாம் வழக்கமாகச் சொல்லும் வரலாறு இத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால் ஷாமில் இருந்த மக்களுக்கு அது முடியவில்லை.

நோய் எவ்வாறு தணிந்தது?

அபூஉபைதா (ரழி) அவர்கள் அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களும் வஃபாத்தானார்கள். யஸீத் இப்னு அபீஸுஃப்யான் (ரழி) அவர்களும் மறைந்தார்கள். ஏறத்தாழ 25,000 பேர் மாண்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். இறுதியில் பொறுப்பு அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்களிடம் வந்தது. இந்நோய் நெருப்பைப் போன்று பற்றிப் பரவுகிறது. ஆகவே கூட்டமாக இராமல் மலைகளுக்குப் பிரிந்து செல்லுங்கள் என்று அவர்கள் மக்களுக்கு அறிவுறுத்தினார்கள். நபித்தோழர் ஒருவர் அதைக் கடுமையாக மறுத்துப் பேசினார். அம்ர் (ரழி) அவர்களோ அதற்குப் பதில் கூறி வாதத்தை வளர்க்கவில்லை. மக்கள் பிரிந்து சென்றார்கள். அல்லாஹ் நோயை நீக்கினான். உமர் (ரழி) அவர்களுக்குச் செய்தி எட்டியபோது அவர்கள் அதை வெறுக்கவில்லை என்று அறிவிப்புகளில் வருகிறது. மக்கள் ஷாமை விட்டு வேறு நாடுகளுக்கு ஓடிவிடவில்லை, அந்நாட்டின் மலைகளிலேயே பிரிந்து இருந்தார்கள் என்பதையும் இங்கே கவனத்தில் கொள்ள வேண்டும்.

நோய் தணிந்தபின் என்ன நடந்தது? ஸர்ஃக்கிலிருந்து திரும்பிய அதே உமர் (ரழி) அவர்கள் மீண்டும் ஷாமுக்குப் புறப்பட்டார்கள். மதீனாவில் அலீ (ரழி) அவர்களைத் தம் பிரதிநிதியாக நியமித்துவிட்டு, அய்லா வழியாகச் சென்றார்கள். இறந்தோரின் எண்ணிக்கை மிகுதியால் வாரிசுரிமைகள் சிக்கலாகிக் கிடந்தன. யாருடைய சொத்து யாருக்கு என்பது தெரியாமல் மக்கள் தவித்தார்கள். கலீஃபா நேரில் சென்று வாரிசுச் சொத்துகளைப் பங்கிட்டார்கள், உதவித்தொகைகளை ஒழுங்குபடுத்தினார்கள், காலியாகிக் கிடந்த பொறுப்புகளுக்கு ஆட்களை நியமித்தார்கள். தபரீ, இப்னு கஸீர் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதனைப் பதிவு செய்துள்ளார்கள்.

இப்பயணத்தின் முடிவில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் தபரீ குறிப்பிடுகிறார். பிலால் (ரழி) அவர்களை ஒரு முறை பாங்கு சொல்லச் சொல்லுங்கள் என்று மக்கள் உமர் (ரழி) அவர்களிடம் வேண்டினார்கள். பிலால் (ரழி) அவர்கள் பாங்கு சொன்னபோது, நபிகளாரைக் கண்டிருந்த தோழர்கள் அனைவரும் தாடி நனையும் அளவுக்கு அழுதார்கள். எல்லோரையும் விட அதிகமாக அழுதவர்கள் உமர் (ரழி) அவர்கள். நபிகளாரைக் காணாதவர்கள், இவர்களுடைய அழுகையைக் கண்டு அழுதார்கள்.

சகோதரர்களே! சற்றுச் சிந்தியுங்கள். நோய் நீங்கியதும் கலீஃபா அவர்கள் வெற்றி விழா எதுவும் கொண்டாடவில்லை. முதலில் அநாதைகளின் சொத்தைப் பங்கிட்டார்கள். தடை நீங்கிய நாளில் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தத் தடைக்காலத்தில் இழந்தவர்களைத் தேடிச் செல்வது என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்கிறோம்.

தடைக்கும் ஓர் எல்லை உண்டு

மேற்கூறிய நபிமொழியை மீண்டும் ஒருமுறை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். ஊருக்குள் செல்லாதீர்கள் என்ற தடை, அங்கே நோய் இருக்கிறது என்ற காரணத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. காரணம் நீங்கினால் தடையும் நீங்கிவிடும். ஃபிக்ஹு கலை அறிஞர்கள் இதனை விதிகளாகவே வகுத்துத் தந்துள்ளார்கள். நிர்ப்பந்தத்திற்காக வழங்கப்பட்ட சலுகை, அந்த நிர்ப்பந்தத்தின் அளவுக்கே உரியது. ஒரு காரணத்திற்காக ஆகுமானது, அக்காரணம் நீங்கினால் நீங்கிவிடும். உதுமானியர் ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்ற சட்டத் தொகுப்பின் தொடக்கத்திலேயே இவ்விதிகள் இடம்பெற்றுள்ளன.

எனவே, காரணம் இருக்கும்போது தடையைத் தளர்த்துவது எவ்வளவு தவறோ, காரணம் நீங்கியபின் தடையை நீட்டிப்பதும் அவ்வளவு தவறே. இந்த இரண்டாவது தவறுக்கு ஹஜ்ஜின் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

கமரான் தீவு

1865-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது காலரா பரவியது. ஏறத்தாழ 90,000 ஹாஜிகளில் 15,000 பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. திரும்பிச் சென்ற கப்பல்களின் வழியே நோய் எகிப்துக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் சென்றது. 1866-இல் இஸ்தான்புல் நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூட்டப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, 1882 முதல் செங்கடலிலுள்ள கமரான் தீவில் ஹாஜிகளுக்கான தனிமைப்படுத்தும் நிலையம் இயங்கியது. பம்பாயிலிருந்து புறப்படும் நம் நாட்டு ஹாஜிகளின் கப்பல்கள் ஜித்தாவை அடையுமுன் அங்கே நின்றாக வேண்டும். ஹாஜிகள் இறக்கப்பட்டு, உடைகளும் மூட்டைகளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டு, குறித்த நாட்கள் முடியும் வரை காத்திருக்க வைக்கப்பட்டார்கள். அதற்குக் கட்டணமும் அவர்களிடமே வசூலிக்கப்பட்டது.

தொடக்கத்தில் இந்தத் தடைக்குத் தக்க காரணம் இருந்தது என்பதை நாம் மறுக்க முடியாது. ஆனால் மருத்துவ அறிவு வளர்ந்து, காலராவின் கிருமி கண்டறியப்பட்டு, தடுப்பூசிகளும் வந்தபின்னரும் பல பத்தாண்டுகள் ஹாஜிகள் மீதான தனி விதிகள் தொடர்ந்தன. சவூதி அரசு ஜித்தாவில் தன் சொந்தத் தனிமைப்படுத்தும் நிலையத்தை நிறுவிய பிறகு, 1957-இல்தான் ஹாஜிகளுக்கான தனிப் பன்னாட்டு விதிகள் நீக்கப்பட்டன. 1865-க்கும் 1957-க்கும் இடையே 92 ஆண்டுகள்! பாதுகாப்புக்காகப் போடப்பட்ட வேலி, காலம் கடந்தபின் சுமையாக மாறிவிடும் என்பதற்கு இது ஒரு சான்று. இருப்பினும், அவ்விதிகள் வெறும் கூக்குரலால் நீங்கிவிடவில்லை; ஹாஜிகளின் சுகாதாரத்தைத் தாமே பேணும் ஆற்றலை முஸ்லிம்கள் உருவாக்கிக் காட்டியபோதே நீங்கின என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஹரம் ஷரீஃப் திறந்த விதம்

இப்போது நம் கண்முன் நடந்ததற்கு வருவோம். 2020 மார்ச் 4 அன்று உம்ரா முழுமையாக நிறுத்தப்பட்டது. மறுநாள் வெறிச்சோடிக் கிடந்த மதாஃபைத் தொலைக்காட்சியில் கண்டு அழாத முஸ்லிம் வீடு உண்டா? அவ்வாண்டு ஹஜ், சவூதி அரேபியாவுக்குள் வசித்த ஏறத்தாழ 1,000 பேருடன் மட்டும் நடைபெற்றது. அதற்கு முந்தைய 2019-ஆம் ஆண்டில் ஹஜ் செய்தவர்கள் 24,89,406 பேர்.

திறப்பு ஒரே நாளில் நிகழவில்லை. 2020 மே 31 அன்று மஸ்ஜிதுந் நபவீ படிப்படியாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அக்டோபர் 4 அன்று, சரியாக ஏழு மாதங்களுக்குப் பின், நாளொன்றுக்கு 6,000 பேர் உம்ரா செய்ய அனுமதிக்கப்பட்டார்கள். அக்டோபர் 18 முதல் அது 15,000 ஆயிற்று. நவம்பர் 1 முதல் 20,000 ஆகி, வெளிநாட்டவருக்கும் அனுமதி கிடைத்தது. 2021 ஹஜ்ஜுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்ட உள்நாட்டுவாசிகள் 60,000 பேர் அனுமதிக்கப்பட்டார்கள். 2021 அக்டோபர் 17 அன்று ஹரமின் தரையில் ஒட்டப்பட்டிருந்த இடைவெளிக் குறிகள் அகற்றப்பட்டு, மக்கள் மீண்டும் தோளோடு தோள் சேர்ந்து ஸஃப்பில் நின்றார்கள். அப்போதும் முகக்கவசமும் தடுப்பூசியும் கட்டாயமாகவே இருந்தன.

அதன் பிறகு நடந்ததுதான் நம் சிந்தனைக்குரியது. இரண்டரை மாதங்களில் நோயின் புதிய வகை ஒன்று உலகெங்கும் பரவியது. 2021 டிசம்பர் 30 அன்று இடைவெளி விதி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அகற்றிய குறிகளை மீண்டும் ஒட்டுவதை யாரும் அவமானமாகக் கருதவில்லை. நோய் தணிந்தபின் 2022 மார்ச் 5 அன்று அது நீக்கப்பட்டது. 2022 ஹஜ்ஜில் 8,99,353 பேர் கலந்துகொண்டார்கள். ஆனால் 65 வயதைக் கடந்தவர்களுக்கு அவ்வாண்டும் அனுமதி இல்லை. 2023-இல்தான் வயது வரம்பு நீங்கியது. அவ்வாண்டு 18,45,045 பேர் ஹஜ் செய்தார்கள். அம்வாஸின் காலத்தில் மலைகளிலிருந்து மக்கள் இறங்கி வந்ததைப் போன்று, இங்கும் மக்கள் படிப்படியாகவே திரும்பி வந்தார்கள்.

இந்தப் படிப்படியான திறப்புக்கும் ஒரு விலை இருந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து ஒருவர்கூட ஹஜ்ஜுக்குச் செல்லவில்லை. 2022-இல் இந்தியாவுக்குக் கிடைத்த இடங்கள் 79,237 மட்டுமே. சென்னையிலிருந்து விமானம் இல்லாத காரணத்தால் தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று புறப்பட்டார்கள். 2023-இல்தான் சென்னையிலிருந்து மீண்டும் ஹஜ் விமானங்கள் புறப்பட்டன. வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுகச் சேமித்து, பெயர் பதிவு செய்து, இஹ்ராம் துணியும் வாங்கி வைத்திருந்த முதியவர்களில் எத்தனை பேர், அந்த மூன்றாண்டுக் காத்திருப்பிலேயே மறைந்துபோனார்கள்! அவர்களுடைய நிய்யத்துக்கு அல்லாஹ் நிறைவான கூலியை வழங்குவானாக! வசதியுள்ள வாரிசுகள் அவர்களுக்காக பதல் ஹஜ் செய்ய முன்வர வேண்டும். உமர் (ரழி) அவர்கள் ஷாமுக்குச் சென்று தீர்த்து வைத்த கடமைகளைப் போன்று, இதுவும் தடைக்காலம் விட்டுச் சென்ற ஒரு கடமையே.

என் தவறும் ஒரு பெரியவரும்

இங்கே என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் பிறருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

தமிழகத்தில் 2020 செப்டம்பர் 1 முதல் பள்ளிவாசல்கள் திறக்கப்பட்டன. அதன்பின் வந்த ஜும்ஆக்களில் எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. வழக்கமாக முதல் ஸஃப்பில் நிற்கும் பெரியவர் ஒருவரையும் காணவில்லை. நான் மிம்பரில் நின்று சற்றுக் கடுமையாகவே பேசினேன். கடைவீதிக்குச் செல்ல அச்சமில்லை, அல்லாஹ்வின் இல்லத்துக்கு வர மட்டும் அச்சமா என்று கேட்டேன். ஈமானின் பலவீனம் என்றும் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் தலையசைத்தார்கள். தொழுகை முடிந்தபின் சிலர் அந்தப் பெரியவரின் பெயரைச் சொல்லியே பேசிக்கொண்டார்கள்.

சில வாரங்கள் கழித்து, ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசலின் வெளிச்சுவரை ஒட்டி, தெருவோரத்தில் அவர் நின்றுகொண்டிருப்பதைக் கண்டேன். ஒலிபெருக்கியில் பயானைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குச் சென்று லுஹர் தொழுவது அவருடைய வழக்கமாக இருந்திருக்கிறது. அவருடைய மனைவிக்கு வாரம் இரு முறை டயாலிசிஸ் நடக்கிறது. வீட்டில் வேறு துணை இல்லை. யாருடனும் நெருங்கிப் பழக வேண்டாம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் ஹஜ்ரத். எனக்குத்தான் கொடுத்து வைக்கல" என்றார் அவர். முகத்தில் வருத்தம் இருந்ததே தவிர, கோபம் இல்லை.

எனக்கு நாக்கு எழவில்லை. நோயாளியைப் பராமரிப்பவருக்கு ஜும்ஆவுக்கு வராதிருக்க அனுமதி உண்டு என்பதை மதரஸாவில் ஆரம்ப வகுப்புகளிலேயே கிதாபில் ஓதியவன் நான். ஊருக்குத் தடை நீங்கிவிட்டது என்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள உத்ர் நீங்கிவிட்டது என்று பொருளாகாது. பொதுக் காரணம் நீங்கியது. அவருடைய தனிக் காரணம் நீங்கவில்லை. கதவு திறந்திருக்கிறது என்ற அறிவிப்பை, வராதவர்களுக்கு எதிரான தீர்ப்பாக நான் மாற்றிவிட்டேன்.

அடுத்த ஜும்ஆவில், யாருடைய பெயரையும் குறிப்பிடாமல், முன்பு நான் பேசியது தவறு என்று அதே மிம்பரில் நின்று சொன்னேன். அதன்பின் முத்தவல்லியும் நிர்வாகிகளும் கூடி மஷூரா செய்து, மஹல்லாவில் வர இயலாதவர்கள் யார், ஏன் என்று வீடு வீடாக விசாரித்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, எத்தனை வீடுகளில் இத்தகைய நிலை இருக்கிறது என்பது. சில வீடுகளில் மருந்துக்கே வழியில்லை. இதை முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டும்.

பின்னர் 2021 ஏப்ரல் 26 முதல் பள்ளிவாசல்கள் மீண்டும் மூடப்பட்டு, ஜூலை 5 அன்று திறக்கப்பட்டன. அந்த இரண்டாவது திறப்பின்போது என் பயான் வேறு விதமாக அமைந்தது. வர முடிந்தவர்களை அன்போடு அழைத்தேன். வர இயலாதவர்களுக்காக துஆச் செய்தேன்.

நாம் பெற வேண்டிய படிப்பினை

அன்பானவர்களே! அந்நோய்க்கான உலகளாவிய அவசரநிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்துவிட்டது. இன்று பள்ளிகள் நிறைந்திருக்கின்றன. ஆயினும் கொள்ளைநோய்கள் இனி வரவே வராது என்று யாராலும் உறுதி கூற முடியாது. அப்படியொரு நாள் வந்தால், அடைக்கும்போது காட்டும் பொறுப்புணர்வைத் திறக்கும்போதும் காட்ட வேண்டும்.

காரணம் நீங்கிவிட்டதா என்பதை, அத்துறையை அறிந்தவர்களிடம் கேட்டறிய வேண்டும். உமர் (ரழி) அவர்களே மூன்று சபைகளிடம் கேட்டிருக்கும்போது, நாம் நம் விருப்பத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கலாமா? திறப்பதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் ஓர் அடி பின்வாங்க வெட்கப்படக் கூடாது. ஹரம் ஷரீஃபிலேயே அது நடந்திருக்கிறது. கருத்து மாறுபடுவோரிடம் அம்ர் (ரழி) அவர்களைப் போன்று பொறுமை காக்க வேண்டும். முகக்கவசம் அணிந்து வருபவரைக் கோழை என்றோ, அணியாதவரைப் பாவி என்றோ பேசுவது நமக்குத் தகாது. அனைத்துக்கும் மேலாக, கதவு திறந்த நாளில், உள்ளே வந்தவர்களை எண்ணி மகிழ்வதற்கு முன், வராதவர்களின் வீட்டுக் கதவைச் சென்று தட்ட வேண்டும். தந்தையை இழந்த பிள்ளைகள், வருமானம் இழந்த குடும்பங்கள், கொடுக்கல் வாங்கலில் தீராத வழக்குகள், பங்கிடப்படாத வாரிசுச் சொத்துகள் ஆகிய அனைத்தும் அந்தக் கதவுக்குப் பின்னே இருக்கின்றன.

இதைப் படிக்கும் உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ, அந்த ஆண்டுகளில் மரணித்த ஒருவருடைய சொத்து இன்னும் பங்கிடப்படாமல் இருக்கலாம். ஒரு விதவையின் பங்கு இன்னும் கொடுக்கப்படாமல் இருக்கலாம். அவ்வாறெனில், அவ்வீட்டைப் பொறுத்தவரை அம்வாஸ் இன்னும் முடியவில்லை. இந்த வாரமே அதற்கு ஒரு வழி செய்யுங்கள்.

சோதனை வரும்போது பொறுமையையும், சோதனை நீங்கும்போது நிதானத்தையும், இவ்விரு நிலைகளிலும் பலவீனர்கள் மீது பரிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! அந்த நோயில் மறைந்த நம் சொந்தங்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களை ஷஹீத்களின் கூட்டத்தில் சேர்த்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!